இராமநாதனின் இரண்டு விரல்

கட்டுக்கலைச் சரிவில் குடியிருக்கும் இராமநாதனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். குடிகாரர்கள் ஒரு வகை, அளவாகக் குடிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் அவருக்குத் தெரிந்து இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் குளிப்பார், திருநீறு பூசுவார், கதிரையை வாவி தெரியும் ஜன்னலோரம் இழுத்துப் போடுவார். மனைவி சீதா பொரித்த கடலையும் கருவாட்டுத் துண்டும் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிறகு சாராயத்தை ஊற்றி, கிளாசின் வெளிப்பக்கம் விரலைப் படுக்கவைத்து அளப்பார். இரண்டு விரல், ஒரு சொட்டு கூடாது. இதயத்துக்கு மருந்து என்று எங்கோ படித்ததைத் தேவாரம்போல ஓதுவார். பௌர்ணமிப் போயா தினத்தில் கடை மூடியிருக்குமென்று முதல்நாளே வாங்கி அலுமாரியில் பூட்டிவைப்பதையும் கட்டுப்பாட்டில்தான் சேர்ப்பார்.

கல்யாணமான புதிதில் அது சின்னக் கிளாஸ். அது உடைந்து கொஞ்சம் அகலமானது வந்தது. இப்போது இருப்பது சோற்றுக் கோப்பைக்கு அண்ணன். விரல் மட்டும் மாறவில்லை. கழுவுகிற சீதாவுக்கு இது தெரியாதா? ஏதும் சொன்னால் அளவைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்க வேண்டுமே என்று கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் பேசாமலிருந்தது அவள் தம்பி தலையில் விடிந்தது. வத்தேகம சந்தையில் மரக்கறி விற்பவன் இருளப்பன். இதயம் பலவீனமென்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். படித்த மச்சான் சொன்னால் அவனுக்குச் சட்டம். தீபாவளிக்கு வந்தவனிடம் இராமநாதன், மாத்திரையெல்லாம் கம்பனிக்காரன் வியாபாரம், தினம் இரண்டு விரல் போதும் என்று விளக்கி, தன் ஜோடிக் கிளாசில் ஒன்றைப் பரிசாகவும் கொடுத்தனுப்பினார். மாத்திரையை விட்டுவிட்ட இருளப்பன், தைப்பொங்கல் கழிந்த கையோடு கால் வீங்கி, மூச்சு முட்டி, சந்தையிலேயே விழுந்தான்.

ஆஸ்பத்திரி வார்டில் டொக்டர் ஷஹ்மா விசாரித்தபோது இராமநாதன் முந்திக்கொண்டார். இவனுகளுக்கு அளவு தெரியாது என்றார்.

கட்டிலில் கிடந்தவன் மெதுவாகச் சொன்னான்: "இல்ல மிஸ், மச்சான் சொன்ன அளவுதான். ரெண்டு விரல்."

"எந்தக் கிளாஸ்ல?"

சீதா கூடைக்குள் கைவிட்டாள். தம்பியின் துணிமணியோடு எடுத்துவந்திருந்த கிளாசை மேசையில் வைத்தாள். டொக்டர் அதில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, மருந்து அளக்கிற சின்னக் கோப்பையில் வார்த்துப் பார்த்தார். கோப்பை நிறைந்தது, கொட்டினார், மறுபடி நிறைந்தது. கிளாஸ் காலியாகிற வழியாக இல்லை.

"சின்னக் கிளாசாகவே இருந்தாலும் சரி ஐயா," என்றார் ஷஹ்மா. "குறைச்சுக் குடிச்சா கெடுதல் குறையும், அவ்வளவுதான். அது மருந்தாகாது. இவருக்கு ஒரு சொட்டும் ஆகாது."

இராமநாதன் வாவியைப் பார்ப்பவர்போல ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். அந்த ஜன்னலில் சுவர்தான் தெரியும்.

வார்டிலிருந்து வீட்டுக்கு விட்டதும் இருளப்பனை அக்கா தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் மச்சான் முகத்தையே பார்த்தான். சீதா கணவனை அடுப்படிக்கு அழைத்தாள்.

"அவன் டொக்டர நம்ப மாட்டான், உங்களத்தான் நம்புவான். அவன் தலையெழுத்து. நீங்க சொன்னது பிழைன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. இல்லன்னா அவன் போயிருவான்."

இராமநாதன் போய்த் தொண்டையைச் செருமினார். "மாப்ள, உன் உடம்புவாகு வேற. சந்தையில கண்டதத் தின்னு வளந்தது. எனக்குத் தாங்கறது உனக்குத் தாங்காது. மாத்திரையப் போடு."

பிழை என்ற சொல் அங்கேயும் வெளியே வரவில்லை. இருளப்பன் பக்தியோடு விழுங்கினான். உள்ளே போனதே போதுமென்று சீதா தண்ணீரை நீட்டினாள்.

சாயங்காலம் மணி அடித்தது. இராமநாதன் குளித்து, திருநீறு பூசி, கதிரையை இழுத்துப் போட்டார். கடலை வரவில்லை. கிளாசும் வரவில்லை. குரல் கொடுத்துப் பார்த்தார்.

சீதா அடுப்படியில் தம்பிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவருடைய ஜோடியில் ஒரு கிளாசிலிருந்து மற்றதற்கு, மற்றதிலிருந்து இதற்கு. அகலமான கிளாஸ், சீக்கிரம் ஆறியது.