மனுத் தமிழில் எழுதிய பெரியவர்

தொண்ணூறுகளின் கடைசியில், திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மனு அடிப்பதுதான் வேலை. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, வரப்புத் தகராறு. பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த நெசவாளி தமிழும் தெலுங்கும் கலந்து குமுறுவதை நான் "மேற்படி விஷயத்தில் தாங்கள் கருணைகூர்ந்து" என்று ஆக்கித் தர வேண்டும். இருபத்தாறு வயதில் என் கைக்குப் பழகியிருந்த தமிழ் அது ஒன்றுதான்.

கடைக்கு இன்டர்நெட் வந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அப்போது தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துரு. அது நம்மிடம் இல்லாவிட்டால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க அரை நாள் எழுத்துரு தேடியிருக்கிறேன். அது கிடைத்து, பூச்சிகளெல்லாம் எழுத்தாக மாறுகிற நொடியில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைச் சொல்லிக்கொள்ள ஊரில் எனக்கு ஓர் ஆள் கிடையாது. வேலை முடிந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் புத்தகம் படிக்கிறவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் புனைபெயரில் சேர்ந்தேன். முதல் மடலை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை தானாக அடித்தது: "பெருமதிப்பிற்குரிய குழுவினரின் மேலான கவனத்திற்கு." மறுநாளே பதில் வந்தது. "ஐயா, தங்களைப் போன்ற மூத்தவர்கள் இணையத்துக்கு வருவது எங்கள் பாக்கியம்."

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் ஐயா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? கடையில் நான் "டேய், இன்னாடா." குழுவில் நான் ஐயா. சொல்லவில்லை.

என் கருத்துகளும் கிழவன் கருத்துகளாகத்தான் இருந்தன. திரையில் படிப்பது படிப்பே இல்லை, அது மேய்ச்சல் என்று எழுதினேன். நீண்ட மடல்களைப் பாழான மனுத் தாள்களின் பின்பக்கத்தில் அச்செடுத்து அறைக்குக் கொண்டுபோய்ப் படிப்பேன். ஒரு பக்கம் யாருடைய கிணற்றுப் பாத்தியதையோ, மறுபக்கம் நாவல் விவாதம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களை விரட்டி விரட்டித் திட்டினேன். எழுத்துரு வராமல் தவித்தவர்களுக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு எழுத்துருத் தொல்லையே இல்லை, உலகமே கைக்குள் வந்துவிட்டது, ஆனால் எதையும் கடைசி வரி வரை படிக்க என்னால் முடியவில்லை. அன்றைக்கு ஒரு மடலை நாலு தடவை படித்தேன்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்காது. "மனு குடுக்க வந்த பெரியவரு எவ்ளோ நேரமா நின்னுகினு கீறாரு, நீ எவன்கூடவோ சண்ட போட்டுகினு கீறயே!" என்பார்.

குழுவில் ஒருவர் எனக்கென்று தனியாக எழுத ஆரம்பித்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது, மில்லில் கணக்குப் பிள்ளை. நான் சொன்ன புத்தகத்தையெல்லாம் தேடிப் படிப்பார். நான் ஒரு வாரம் எழுதாவிட்டால் "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அந்த ஊரில் நான் செத்திருந்தால்கூட வீட்டுக்காரர் வாடகைத் தேதியில்தான் கதவைத் தட்டியிருப்பார். இவர் ஏழாம் நாளே கேட்டுவிடுவார். எனக்கிருந்த ஒரே சிநேகிதர் அவர்தான்.

மூன்றாம் வருஷம் எழுதினார்: "வேண்டுதல் ஒன்று பாக்கி. மனைவியுடன் திருத்தணி வருகிறேன். ஐயாவைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன். எனக்குச் சுருட்டை முடி, கழுத்து வரை புரளும். தூரத்திலிருந்தே தெரியும்." சரவணப் பொய்கைப் பக்கம், மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில், பதினொரு மணிக்கு, கையில் புத்தகத்தோடு நிற்பதாகப் பதில் போட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன், சத்தியமாக. ஆனால் முதலில் தூரத்திலிருந்து ஆளைப் பார்க்க வேண்டும். முகம் இளகிய முகமாக இருந்தால் போய் "நான்தாங்க அது" என்று சொல்வது, இல்லாவிட்டால் நழுவிவிடுவது. அதனால் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் சுருட்டை முடியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

வருஷக்கணக்காகத் திருத்தணியில் இருப்பவன் நான். வேண்டுதல் என்று வருகிறவர்கள் எங்கள் ஊரில் முதலில் என்ன செய்வார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். படியில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத்தான் வருவார்கள். மடையன், நான் அவர்களுக்கு நடுவே சுருட்டை முடியைத் தேடுகிறேன்!

பன்னிரண்டு தாண்டியது. ரொம்ப நேரமாகப் பக்கத்து நிழலில் மனைவியோடு நின்றிருந்த ஒரு மொட்டைத் தலைக்காரர் என்னிடம் வந்தார்.

"தம்பி, ரொம்ப நேரமா இங்கயேதான நிக்கறீங்க? கையில புஸ்தகத்தோட ஒரு பெரியவரு வந்தாருங்களா? வயசானவருங்க. அவரு கால்ல உழுந்து கும்புடோணும்னு அவ்வளவு தூரத்துலருந்து வந்தமுங்க."

நல்ல முகம். நான் வேண்டிக்கொண்டதைவிட இளகிய முகம். காதோரம் சந்தனம் காய்ந்திருந்தது. ஆனால் என்னிடம் பேசும்போதே அவர் கண் என் தலைக்கு மேலே யாரையோ தேடிக்கொண்டிருந்தது. என் அப்பா வயதுக்காரர் என் காலில் விழுவதா? நான்தான் என்றால் அந்த முகம் என்ன ஆகும்?

"இல்லீங்க, அப்படி யாரும் வரலீங்க" என்றேன்.

"செரிங்க தம்பி" என்றார். இன்னும் ஒரு மணி நேரம் நின்றார்கள். அந்த அம்மா டப்பாவைத் திறந்து எனக்கும் கொஞ்சம் புளிசாதம் கொடுத்தார். வாங்கித் தின்றேன். சே, என்ன ஜென்மம்! பிறகு அரக்கோணம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்கள். கூடவே போய் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும் வரை அவர் ஜன்னல் வழியே படிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் குழுவுக்கு எழுதினார். "ஐயாவால் வர முடியவில்லை. அந்த வெயிலில் முதியவரை நிற்கச் சொன்னது என் தவறு. அங்கே ஒரு தம்பிதான் எங்களுக்குத் துணையாக நின்றான். பாவம், யாருக்காகவோ காத்திருந்து ஏமாந்த முகம். ஐயா நினைப்பிலேயே இருந்துவிட்டேன், அந்தப் பிள்ளையிடம் பேர்கூடக் கேட்கவில்லை."

"அந்தத் தம்பி நான்தான்" என்று அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். கடைசியில் காய்ச்சல் என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு வாரம் முழுக்கக் குழுவில் அதே பேச்சு. ஒருவர் நிலவேம்புக் கஷாயம் சொன்னார், ஒருவர் சுக்கு. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் ஐயாவுக்காக விளக்கேற்றினார். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தேன். படிக்கட்டோரம் நின்றிருந்த அந்தத் தம்பியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.