ஈரச்சாக்குக்கு அடியில் நூற்றுப் பத்துக் குஞ்சுகள்

பாலவாக்கம் குப்பத்துப் பாண்டுரங்கனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் போனபின் கடலுக்குப் போவதில்லை. ஜனவரி முதல் மே வரை ஆமைப் பொரிப்பகத்தில் காவல். பங்குனி ஆமையின் முட்டைகளை நாய்க்கு முந்தி எடுத்துவந்து வேலிக்குள் புதைப்பதும், பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவதும் வேலை. சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுவார். ஆமையைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷர் படு கறார். குஞ்சு மேலே வந்ததா, வாயில் டீ இருந்தாலும் துப்பிவிட்டு எழுந்துவிடுவார். தண்ணீருக்குப் பத்தடி தள்ளி இறக்கிவிட்டால் மீதியை அதுவே ஓடும். பிறந்த அன்றைக்கு இருக்கும் தெம்புதான் அலையைத் தாண்டவைக்கும். கூடைக்குள் உதைத்தே அதைத் தீர்த்துவிட்டால் போச்சு.

இந்த வருஷம் பொரிப்பகத்துக்குப் பணமில்லை. அறக்கட்டளை நடத்தும் அஸ்வினி ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் பெருங்குடிக் கம்பெனி ஒன்று சம்மதித்தது. ஞாயிறு காலை ஊழியர்கள் குடும்பத்தோடு வந்து தங்கள் கையாலேயே குஞ்சுகளை விடவேண்டுமாம்.

அந்த ஞாயிறு விடியும்போது நூற்றுப் பத்துக் குஞ்சுகள் மேலே வந்தன. அன்று பொரிந்தது அந்த ஒரு குழிதான். பாண்டுரங்கன் போன் செய்தார். ஆறரைக்கு வந்துவிடுவார்கள், அதுவரை வைத்திருங்கள் என்று அஸ்வினி கெஞ்சினாள்.

"இதுங்க காத்துக்கினு இருக்காதும்மா. காலு ஓடிக்கினே கீது."

"இப்பவே விட்டுட்டா அடுத்த வருஷம் வேலியே இருக்காதுண்ணா."

பாண்டுரங்கன் போனை வைத்தார். குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பேசினில் போட்டு ஈரச்சாக்கால் மூடினார். உள்ளே சரசரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஈசிஆர் நெரிசலைத் தாண்டி அவர்கள் வந்து இறங்கியபோது எட்டேகால். நல்ல ஜனங்கள்தான், குறை சொல்ல முடியாது. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஆனால் சரசரப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

வந்தவர்கள் மணலில் இறக்கிவிட்ட குஞ்சுகள் வைத்த இடத்திலேயே கிடந்தன. எவ்வளவு சமத்து என்று வியந்து எல்லோரும் படம் எடுத்தார்கள். பாண்டுரங்கன் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மறுபடி விட்டார். வெயில் ஏறியது, காக்கைகள் வந்தன. அழுகை வந்தது அவருக்கு, துண்டால் துடைத்துக்கொண்டார்.

படங்கள் பிரமாதமாக வந்திருந்தன. ஓடுகிற குஞ்சு அப்படி நிற்குமா? கம்பெனிக்குப் பரம திருப்தி. சீசன் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் இதேபோல் நடத்தினால் மூன்று வருஷத்துக்குப் பணம் என்று கடிதம் வந்தது. அஸ்வினி படித்துக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாண்டுரங்கன் காலி பேசினைக் கவிழ்த்து மணலைத் தட்டினார்.

"மூடி வெக்க சனிக்கிழமையே இன்னும் ரெண்டு சாக்கு கொண்டாந்துடும்மா" என்றார்.