இறக்கை மேலே இருக்கிற விமானம்

பதினெட்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறாள் அவள். கதவைத் திறக்கிறவர்கள் இன்றைக்கும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலையாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். "வந்தாச்சு, வழிவிடுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. கோபம் ஓயவில்லை.

ஒருநாள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்கு வெளியே நின்று கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே காலி மைதானத்தில் யாரோ ரிமோட்டில் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அது அவள் கண்ணுக்கு நேராக வந்து, ஒருக்களித்து, திரும்பிப் போனது. நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் மேலும் கீழும் போய் வருகிறவள், அது தரையிறங்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தாள். கற்றுக்கொள்கிறவருக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்க வேண்டும். கை தவறினாலும் விமானம் தானே நிமிரப் பார்க்கும். நுரையில் செய்ததென்றால் உடைந்தாலும் பசை போட்டு ஒட்டிவிடலாம். விமானத்தைத் தள்ளுகிற விசிறி பின்பக்கம் இருந்தால் மூக்குக் குத்தி விழுந்தாலும் தப்பிக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு கணவனோடு கடைக்குப் போனாள். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ரிமோட் என்றால் அவருக்கு டிவி ரிமோட்தான்.

"இறக்கை மேல இருக்கிற மாதிரி காட்டுங்க" என்றாள்.

கடைக்காரர் அவள் கணவனைப் பார்த்து, "சார், அதெல்லாம் ஆமை மாதிரி போகும். இதைப் பாருங்க" என்று ஒரு போர் விமானத்தை எடுத்து வைத்தார். இறக்கை கீழே, உடம்பு கத்தி மாதிரி.

"இது வேகமாப் போறதாச்சே? வேகம் குறைஞ்சா விழுந்துடுமே?" என்றாள் அவள்.

"சார், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

கணவன் தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற வியாதி அவருக்கு. நாலு பேர் முன்னால் சண்டை வேண்டாமென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே வாங்கிக்கொண்டாள்.

மைதானத்தில் அது எழும்பியதும் அம்பு மாதிரி பாய்ந்தது. லேசாக இடப்பக்கம் திருப்பினாள். குப்புறக் கவிழ்ந்து தரையில் போய்ச் செருகியது. மொத்தம் ஒன்பது வினாடி.

"பரவாயில்ல, முதல் தடவைதானே" என்றார் கணவன்.

"என்ன பரவாயில்ல? கேட்டது நான். ஓட்டப்போறது நான். அந்தாளு உங்களைப் பார்த்துப் பேசுறான், நீங்களும் தலையை ஆட்டுறீங்க. 'அவகிட்ட சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை வாயில வரலையா?"

அவர் குனிந்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் சீருடையோடே கடைக்குப் போனாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சார் வரலையா?" என்றார்.

பையிலிருந்த துண்டுகளை மேஜைமேல் கொட்டினாள்.

"சாருக்கு இதுல எது முன்பக்கம்னுகூடத் தெரியாது. நான் கேட்டதை விட்டுட்டு இதை ஏன் குடுத்தீங்க? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்குக் கை பழகலைம்மா, அதான்..." என்று இழுத்தார் கடைக்காரர்.

"பழகாத கைக்குன்னுதானேய்யா கேட்டேன்!"

குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் அவசர அவசரமாக ஏணி போட்டு ஏறி, இறக்கை மேலே உள்ள ஒன்றை எடுத்துவந்து, இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அவள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள்.

"விசிறி முன்னால இருக்கு. பின்னால இருக்கிறதை எடுங்க."

மறுபடியும் ஏணி ஏறினார். இந்தத் தடவை சரியானது வந்தது. நன்றி சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அது மூன்று தடவை புல்லில் விழுந்தது. விமானம் அவளைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிப்போவது பிடிபடவே காலை முழுக்க ஆனது. ஒரு தடவை இறக்கையை ஒட்ட வேண்டி வந்தது. நாலாவது தடவை மைதானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

பக்கத்தில் நின்ற கணவன், "எனக்கும் ஒரு தடவை குடேன்" என்றார்.

"இன்னிக்கு இல்ல" என்றாள் அவள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.