காக்காவின் பெயரில் நான் எழுதிய பாடங்கள்

நான் பெரியவளாகிக் குமரானதும் பாடசாலைக்குப் போவது நின்றது. ஏறாவூரில் அந்தக் காலத்தில் யாரும் அதை ஒரு செய்தியாகப் பேசவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னோடிருந்த பெண் பிள்ளைகள் எனக்கு முன்பே ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் பெண்கள் வாங்குப் பலகையில் நான் மட்டும் தனியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வாங்கும் காலியானது.

சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். உம்மா கெஞ்சிப் பார்த்தார், பிறகு அடித்தார். வாப்பாதான் வந்து பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“படிப்ப உடச் சொல்லி ஆரு சொன்ன? பள்ளிக்குப் போறதத்தான் நிப்பாட்டின. படிப்ப நான் ஊட்டுக்குள்ள கொண்டு வந்து தாறன்” என்றார்.

சொன்னதைச் செய்யவும் செய்தார். அதனால்தான் அவரை முழுக்க வெறுக்க என்னால் முடியாமல் போனது.

வாப்பா நெல்லும் மரமும் வாங்கி விற்றவர். தமிழ் நன்றாக வாசிப்பார். இங்கிலீசில் தன் கையெழுத்தை மட்டும் போடுவார். ஊருக்கு ரயில் வந்து அதிக காலம் ஆகாத நேரம் அது. வியாபார வேலையாக மட்டக்களப்புக்கு ரயிலில் போகும்போதெல்லாம் எனக்குப் புத்தகம் தேடினார். எந்தப் புத்தகம் வாங்குவது என்று தலைமையாசிரியரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வீட்டிலுள்ள குமருக்கு இங்கிலீசு படிப்பிக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆகையால் யாரையும் கேட்கவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் போய்த் தானே பொறுக்கினார். எழுத்து பெரிதாக இருந்தால் சின்னப் பிள்ளைகளின் புத்தகம், பொடி எழுத்தாக இருந்தால் வளர்ந்த பிள்ளைகளின் புத்தகம் என்பது அவர் கண்டுபிடித்த கணக்கு. நான் வளர்ந்த பிள்ளை என்பதால் பொடி எழுத்தாகவே பார்த்து வாங்கினார். முதலில் வந்தது நிலம் அளப்பதைப் பற்றிய புத்தகம். அடுத்தது ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி பலகாரம் செய்வதைப் பற்றி எழுதியது. நாங்கள் கண்ணால் காணாத பழங்களும், தீயே வெளியே தெரியாத பெட்டி அடுப்பும் அதில் இருந்தன. மூன்றாவது ஒரு வாசிப்புப் புத்தகம், ஆனால் அங்கங்கே தாள் கிழிந்துபோனது. கடைக்காரர் வற்புறுத்தித் தலையில் கட்டிய அகராதி ஒன்றுதான் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது.

எழுத்துக்களைக் கற்றுத் தந்தது என் காக்கா. எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரனைக் காக்கா என்போம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பட்டணத்து இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் படித்துவிட்டு, பிடிக்காமல் நின்று, வாப்பாவின் கடையில் இருந்தார். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது எனக்கு நாலு சொல் சொல்லித் தருவார். பொறுமையானவர். நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன் என்று தெரிந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. “இனி உனக்கு நான் தேவல்ல” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் மாமா பார்த்தாக வேண்டும். உம்மாவின் தம்பி அவர். அவருடைய மகனுக்கென்று நான் தொட்டிலிலேயே பேசி வைக்கப்பட்டவள். அதனால் என் படிப்பில் வாப்பாவைவிட அவருக்கு அதிகாரம் அதிகம். அவருக்கும் இங்கிலீசு தெரியாது. படங்களைப் பார்ப்பார். கை தெரிய உடுத்த பெண்ணோ, ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்பதோ கண்ணில் பட்டால் அந்தத் தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொள்வார். கிழித்த படத்தின் பின்பக்கத்தில் பாடத்தின் முடிவு இருக்கும். வாசிப்புப் புத்தகத்தில் பாதிக் கதைகளுக்குத் தொடக்கம் ஏற்கெனவே இல்லை. மாமா பார்த்த பிறகு சிலவற்றுக்கு முடிவும் இல்லாமல் போனது.

இப்படி ஒன்றிரண்டு வருடம் போனது. நிலம் அளக்கும் புத்தகத்தை வேறு வழியில்லாமல் மனப்பாடம் செய்திருந்தேன். மேலே போக வழி தெரியவில்லை. அந்த நேரத்தில்தான், கொழும்பில் யாரோ தபால் மூலம் பாடம் நடத்துகிறார்கள் என்று வாப்பா முடிவெட்டும் கடையிலிருந்த பத்திரிகையில் பார்த்துவிட்டு வந்தார். எழுதிக் கேட்டதும் பாடங்களின் விவரம் அச்சிட்ட சிறு புத்தகம் வந்தது. அதை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்த பின்னேரத்தை என்னால் மறக்க முடியாது. காக்கா ஒவ்வொரு பாடத்தின் பெயராக வாசித்தார். இங்கிலீசு, கணக்கு, பூகோளம், சரித்திரம், சுகாதாரம், சுருக்கெழுத்து. மூன்றைத் தெரிந்தெடுக்கலாம். என் வாழ்க்கையில் யாரோ எனக்கு முன்னால் இத்தனை பொருட்களை ஒன்றாக விரித்து, எது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“பூகோளம்” என்றேன்.

மாமா கதிரையில் சாய்ந்தபடி, “பூகோளம் படிச்சி எங்க போகப் போறாள்?” என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். பூகோளம் விடுபட்டது. சரித்திரம் வெள்ளைக்கார ராசாக்களின் கதை, அதுவும் வேண்டாம் என்றார்கள். சுருக்கெழுத்து ஆண்கள் கந்தோரில் செய்யும் வேலை. இங்கிலீசையும் கணக்கையும் வாப்பா விடவில்லை. மூன்றாவதாகச் சுகாதாரம் என்று முடிவானது. பிள்ளை பெற்று வளர்க்க உதவும் என்று உம்மாவும் சந்தோசப்பட்டார். எனக்கு வேண்டிய பாடம் அந்தப் பக்கத்திலேயே கிடந்தது.

பெயரை நிரப்பும்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. காக்கா என் பெயரை எழுதப் போனார். உம்மா கையைப் பிடித்தார். “குமர்ர பேர் தபால் கந்தோர்ல கிடந்து ஆம்பிளயள் வாசிக்கிறதா?” என்று கேட்டார். “அப்ப உன்ட பேர எழுது மனே. படிக்கிறது அவள்தானே, பேர் ஆர்ர இருந்தா என்ன?” என்று வாப்பா காக்காவிடம் சொன்னார்.

எங்கள் பகுதியில் வீடு வளவெல்லாம் பெண் பிள்ளையின் பெயரில்தான் எழுதுவார்கள். நாங்கள் அன்றிருந்த வீடு உம்மாவின் பெயரில் இருந்தது. அடுத்த வளவில் எனக்கென்று கட்டத் தொடங்கிய வீடு என் பெயரில் எழுதப்படவிருந்தது. பத்திரம் எழுதும் நொத்தாரிசு வாசிக்கலாம், சாட்சிக்காரர் வாசிக்கலாம், அரசாங்கக் கச்சேரியில் இருப்பவர்கள் வாசிக்கலாம். தபால்காரர் மட்டும் வாசிக்கக் கூடாதாம். அன்று இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பாடம் வந்தால் போதும் என்று இருந்தேன். காக்கா தன் பெயரை எழுதியபோது நான்தான் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பாடங்கள் வரத் தொடங்கின. காக்கா தபால் கந்தோரில் எடுத்து வந்து தருவார். நான் எழுதி முடித்ததும் கொண்டுபோய்ப் போடுவார். கொழும்பில் இருந்த ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தி, கடைசியில் இரண்டு வரி எழுதுவார். அந்த இரண்டு வரிக்காக நான் காத்திருந்ததுபோல் பிறகு எதற்கும் காத்திருந்ததில்லை. அவர் என்னை ‘தம்பி’ என்றே எழுதினார்.

ஒரு தடவை, விடுமுறை நாளொன்றை எப்படிக் கழித்தாய் என்று இங்கிலீசில் கட்டுரை கேட்டிருந்தார். நான் உண்மையை எழுதுவதானால் நெல் அவித்தேன், பாய் இழைத்தேன், யன்னலை மூடினேன் என்று எழுத வேண்டும். தம்பி அதையெல்லாம் செய்ய மாட்டான். ஆகவே காக்காவை உட்கார வைத்துக் கேட்டேன். ஆற்றில் தோணி தள்ளுவது எப்படி, வலை இழுக்கும்போது கை எங்கே வலிக்கும், பாசிக்குடாக் கடலில் தண்ணீர் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது என்பது மெய்தானா. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஆறு. வண்டியில் திரை கட்டிக்கொண்டு போகும்போது இடுக்கால் பார்த்ததைத் தவிர எனக்கு அதைத் தெரியாது. கட்டுரை திரும்பி வந்தது. சொந்த அனுபவத்தை இவ்வளவு நேர்மையாக எழுதிய மாணவன் வேறு யாரும் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். ஏன் என்று உம்மா கேட்டதற்குப் புகை என்றேன்.

கடைசிப் பாடமும் முடிந்து, படிப்பைத் திறமையாக முடித்ததாகச் சான்றிதழ் வந்தது. அதில் காக்காவின் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. வாப்பா அதற்குக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். வருகிறவர்கள் மகனின் படிப்பைப் பாராட்டினார்கள். வாப்பா மறுக்கவில்லை. என்னிடம் வந்து, “உன்ட படிப்புக்குத்தான் மகள் எல்லாரும் புகழுறாங்க” என்று சொன்னார். எனக்கு அது போதும் என்று மெய்யாகவே நம்பினார். அடுத்த வருடம் மாமாவின் மகனுக்கு என்னைக் கலியாணம் முடித்துவைத்தார்கள். புத்தகங்களை நான் கேட்டபோது, அவை உம்மாவின் அலுமாரியில் பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள். இருந்தன. கறையான் தின்றது.

உலக யுத்தம் வந்தது. அரிசிக்கும் சீனிக்கும் கூப்பன் வந்தது. ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கக்கடை திறந்தார்கள். இங்கிலீசு தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது காக்காவின் சான்றிதழ் கண்ணாடியிலிருந்து இறங்கியது. அவர் மனேஜராகிவிட்டார். கோட்டுப் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். மேலிடத்திலிருந்து வரும் இங்கிலீசுக் கடிதங்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பின்வாசலால் என் வீட்டுக்கு வருவார். நான் வாசித்துப் பொருள் சொல்வேன். பதிலையும் எழுதிக் கொடுப்பேன். அவர் அதைத் தன் கையால் பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை தொடங்கப் பேச்சு நடந்தது. ஆண் ஆசிரியர் என்றால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். பெண் ஆசிரியர் எங்கும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு நான் வீட்டில் படித்தவள் என்று அரைகுறையாகத் தெரியும். என் கணவரிடம் வந்து கேட்டார்கள். எனக்கே ஆச்சரியமாக, அவர் சம்மதித்தார். திரை கட்டிய வண்டியில் போய் வரலாம் என்றார். எனக்கு அப்போது பிள்ளைகள் இருந்தார்கள், மூத்தவளுக்குப் பத்து வயது. அவளையும் கூட்டிக்கொண்டு போய் அதே பாடசாலையில் உட்கார வைக்கலாம் என்று நான் சேலையெல்லாம் துவைத்து மடித்து வைத்தேன்.

பாடசாலைகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்தபோது, ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டனுப்பினார். சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொழும்புப் பாடங்களை எழுதியது இன்னார்தான் என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டுத் தந்தால் போதும் என்றார். அப்படிக் கையெழுத்து வைக்கக்கூடியவர் உலகத்தில் காக்கா ஒருவர்தான் இருந்தார். வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டிருந்தார்.

காக்கா வந்து உட்கார்ந்தார். நான் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினார்.

“எழுதினது நீதான். இல்லண்டு நான் ஒரு நாளும் சொல்லல்ல” என்றார். “ஆனா அத எழுத்தில தர ஏலா, தங்கச்சி. தந்தா மறுகா நான் ஆரு?”

“அப்ப நான் ஆரு?” என்று கேட்டேன்.

அவருடைய கண் நிறைந்திருந்தது. தன் பிள்ளைகள், வேலை போனால் ஊர் பேசும் பேச்சு, வழக்கு வருமோ என்ற பயம் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். ஒன்றும் பொய்யில்லை. உம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், கூடப் பிறந்தவனின் சோற்றில் மண் போடாதே என்று என்னிடம்தான் கெஞ்சினார். என் கணவரும் அன்று பின்னேரம், இதை இத்தோடு விடு என்றார்.

விட்டேன். வேறென்ன செய்வது. பாடசாலைக்கு ஒரு கிழட்டு ஆசிரியரைப் போட்டார்கள். சிறு பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். என் மகள் சில மாதம் போய்விட்டு, குமரானதும் நின்றாள்.

அதன்பிறகும் காக்கா கடிதங்களோடு பின்வாசலால் வந்தார். முதல் தடவை வந்தபோது நான் வாசித்துக் கொடுத்தேன். அடுத்த தடவை, வாசிக்க மாட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எழுத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துத் தானே கூட்டிக் கூட்டி வாசிக்க முயன்றார். சிறு பிள்ளைபோல் விரல் வைத்து வாசித்தார். ஒரு சொல்லில் தடுக்கி நின்று என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் சொல் தெரியும். நான் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு பட்டணத்தில் யாருக்கோ காசு கொடுத்து வாசிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

பெருநாளைக்கு வருவார். நான் சோறு போடுவேன், சாப்பிடுவார். கலியாண வீடுகளில் என் காதுபடவே கிழவிகள் பேசிக்கொள்வார்கள், இவளுடைய வாப்பா அந்தக் காலத்திலேயே பெண் பிள்ளையை வீட்டில் வைத்து இங்கிலீசு படிப்பித்த மனுசன் என்று. அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் வெற்றிலைத் தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன்.