மிஷ்டி தாண்டிய இடம்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கல்கத்தாவில், பெஹாலா என்கிற பகுதியில், இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் இன்றைக்கும் அதே வீட்டிலிருந்து பாலிகஞ்சுக்கு பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறாள். பேய் பிசாசு என்று பேசுகிற ஆள் இல்லை. இதை என்னிடம் சொன்னபோதுகூட, கீரை ஆய்ந்துகொண்டே, தூக்கம் போதாத குரலில்தான் சொன்னாள். அந்தக் குரல்தான் என்னை நம்ப வைத்தது.

அவள் பெயர் ஹம்சினி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கணவன் அஷ்வத்துக்கு, பெஹாலாவில் மூடிக்கிடக்கும் ஒரு சணல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிடங்கு வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வீடு. உள்ளே மூன்று பெரிய தகரக் கொட்டகைகள். லாரிகளை எடை போட்ட பழைய மேடை. நடுவில் பரந்த சிமெண்டுத் தரை. அந்தத் தரையின் இன்னொரு கோடியில், நாலு படி ஏறினால் வீட்டு வாசல்.

அங்கேதான் மிஷ்டி வந்து சேர்ந்தது. பந்தயத்தில் ஓடி, முன்னங்கால் வீங்கி, ஓட்டத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்ட பெண் குதிரை. ஹம்சினியின் சிநேகிதி அனுராதா, ஜோக்கா பக்கத்தில், நடக்க முடியாத குழந்தைகளைக் குதிரைமேல் உட்கார்த்திப் பழக்குகிறவள். அவள்தான் அதை வாங்கினாள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மிஷ்டி எதற்கும் மிரளும் என்று. பறக்கிற பாலித்தீன் பை, தேங்கிய தண்ணீர், குடை, தன்னுடைய நிழல்... எல்லாமே பயம். அப்படிப்பட்ட குதிரைமேல் எந்தக் குழந்தையை உட்கார்த்துவது?

"உனக்குத்தான் இது வரும், ஹம்சா. தை மாசம் இங்க சரஸ்வதி பூஜை வருமே, அது வரைக்கும் பாரு," என்றாள் அனுராதா. "அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா, மைதானத்துல குதிரை வண்டி ஓட்டறவாகிட்ட குடுத்துடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

ஹம்சினிக்குச் சின்ன வயதில் குதிரையேற்றப் பழக்கம் உண்டு. ஆனால் இப்போது விடியலில் எழுந்து சமைத்து, நெரிசலில் நின்றபடி பஸ்ஸில் போய், நாள் முழுக்க வெயிலில் விசில் ஊதிவிட்டு, திரும்பவும் நின்றபடி வருகிற வாழ்க்கை. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மைதானத்தில் நடுமத்தியானத்தில் தலை தொங்கி நிற்கும் வண்டிக் குதிரைகள் நினைவுக்கு வந்தன. சரி என்று சொல்லிவிட்டாள்.

முறை ரொம்ப எளிது. துர்கா பூஜைப் பந்தல் பிரித்தபோது மிச்சமான மூங்கில்களை வாங்கி வந்தாள். தரையில் ஒரே ஒரு மூங்கில். மிஷ்டியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தானும் கூடவே நடந்து, அதைத் தாண்ட வைக்க வேண்டும். தாண்டினால் கழுத்தில் ஒரு தட்டு, ஒரு துண்டு வெல்லம். அது பழகினால் இரண்டு மூங்கில். அப்புறம் மூங்கிலின் ஒரு முனையைச் செங்கல்மேல் தூக்கி வைப்பது. அப்புறம் இரண்டு மூங்கில்களைக் குறுக்காக வைத்து, முழங்கால் உயரத்தில் ஒரு சின்னத் தாவல். தன்னால் முடியும் என்று குதிரைக்குத் தெரிய வேண்டும். தெரியத் தெரியப் பயம் விலகும்.

முதல் வாரம் பிராணனை வாங்கியது. மூங்கிலைப் பார்த்ததுமே மிஷ்டி கண்ணை உருட்டும், மூக்கு விடைக்கும், பின்வாங்கும். கயிறு இழுத்து இழுத்து ஹம்சினியின் உள்ளங்கை உரிந்துவிட்டது. பள்ளிவிட்டு வந்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, பனி இறங்குவதற்குள் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஒரு நாள் மிஷ்டி தாண்டியது. அடுத்த நாள் இரண்டையும் தாண்டியது. ஹம்சினிக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. வெல்லத்தைக் கொடுத்துவிட்டு, அதன் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அந்த வாரக் கடைசியில்தான் முதல் தடவையாக அதைக் கவனித்தாள்.

பயிற்சி முடிந்து, மிஷ்டியை எடைமேடைப் பக்கமாக நடத்திக்கொண்டு போனாள். வெறும் சிமெண்டுத் தரை. ஓரிடத்தில் மிஷ்டி நின்றது. தலையைத் தாழ்த்தித் தரையை முகர்ந்தது. பிறகு முன்னங்காலை உயர்த்தி, நிதானமாக, எதையோ தாண்டி வைத்தது. பின்னங்கால்களையும் அப்படியே, ஒவ்வொன்றாக.

அங்கே மூங்கில் இல்லை. ஒன்றுமே இல்லை.

பழக்கதோஷம் என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது.

மறுநாளும் தாண்டியது. ஆனால் அதே இடத்தில் இல்லை. எடைமேடையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கிருஷ்ணசூடா மரத்துக்குப் போகிற வழியில். அதற்கு மறுநாள் மரத்தடியில்.

"என்ன பண்றா இவ, ஒண்ணுமே இல்லாத இடத்துல காலைத் தூக்கித் தூக்கி வெக்கறா," என்று அஷ்வத்திடம் சொன்னாள்.

"நீதானே தாண்டச் சொல்லிக் குடுத்தே?" என்றான் அவன். ஜுரத்தில் படுத்திருந்தான்.

அவளை உறுத்தியது வேறு. மிஷ்டி பாலித்தீன் பைக்குத் துள்ளும். அணில் ஓடினால் துள்ளும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் துளிப் பயமும் இல்லை. காதுகள் முன்னால் வந்துவிடும். மூச்சு மெதுவாகிவிடும். மூங்கிலைத் தாண்டும்போது அசட்டையாகக் குளம்பு இடிக்கும். இங்கே இடிக்கவே இடிக்காது. அவ்வளவு ஜாக்கிரதை.

அப்படிக் கால் வைப்பதை ஹம்சினி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். சின்ன வயதில், குதிரையேற்ற வகுப்பில். ஒரு பெண் கீழே விழுந்துவிட்டாள். பின்னால் வந்த குதிரை, அவள்மேல் கால் படாமல் தாண்டிப் போயிற்று.

விழுந்து கிடக்கிற மனிதரைத் தாண்டுகிறபோதுதான் குதிரை அப்படிக் கால் வைக்கும்.

அன்றைக்கு அவள் குனிந்து, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்காலத்துச் சிமெண்டு, சுற்றிலும் சில்லென்று இருந்தது.

அந்த ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போன பாய் மாதிரி.

கையை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? ஜுரக்காரனிடமா? மறுநாள் பள்ளியில் விளையாட்டு விழா ஒத்திகை. போய்விட்டு வந்தாள். வந்ததும் மிஷ்டியை வெளியே கொண்டுவந்தாள்.

அன்று தண்ணீர்க் குழாயடியில் தாண்டியது.

அதற்கப்புறம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எடைமேடை, மரம், குழாயடி, சைக்கிள்... அது எங்கேயும் அலையவில்லை. நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. தினம் கொஞ்சம். தினம் கொஞ்சம்.

வீட்டைப் பார்த்து.

மறுநாள் பயிற்சி வைக்கவில்லை. மிஷ்டியைக் கொட்டகையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளை ஆட்டியும் பார்த்தாள். வெளியே பனி இறங்கிவிட்டிருந்தது. தெருவிளக்கு மஞ்சள் புகையாகத் தெரிந்தது. பக்கத்துச் சந்தில் யாரோ சங்கு ஊதினார்கள். விளக்கேற்றுகிற நேரம்.

உள்ளே வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். கால் விண்விண்ணென்று தெறித்தது.

சர்ர்ர்...

வெளியே. கோணியைத் தரையில் இழுக்கிற சத்தம்.

நின்றது.

சர்ர்ர்...

முதல் படி. நின்றது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

ஹம்சினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தட்.

கதவில்தான். ஆனால் ஆள் நின்று தட்டுகிற உயரத்தில் இல்லை. கீழே. தரையை ஒட்டி.

தட்... தட்...

"யாரு?" உள்ளறையிலிருந்து அஷ்வத்.

கதவருகே போனாள். ஏன் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. களைப்பு, என்கிறாள். பயப்படுவதற்கும் கொஞ்சம் சக்தி வேண்டும் இல்லையா, என்கிறாள்.

தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

படிக்குக் கீழே மிஷ்டி நின்றுகொண்டிருந்தது.

கழுத்தை நீட்டி, வாசல்படி வரைக்கும் தலையைத் தாழ்த்தி. அவளைப் பார்க்கவே இல்லை. அவள் காலடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. குளிரில் அதன் மூச்சு வெள்ளைப் புகையாக வந்து, வந்து, கலைந்தது.

ஹம்சினி கீழே பார்த்தாள்.

யாரும் இல்லை.

ஆனால்... அங்கே, வாசல்படிக்கு ஒட்டினாற்போல, தரையிலிருந்து இன்னொரு மூச்சு.

சின்னதாக. விட்டு விட்டு. வெள்ளையாக.

கதவை மூடினாள்.

தாழ்ப்பாள் போட்டாள்.

"யாரு ஹம்சா?"

"யாரும் இல்ல."

முதுகைக் கதவில் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், முதுகுத்தண்டின் கீழ்ப்பக்கத்தில், தட்... என்று ஒரு தடவை. வெகு நேரம் கழித்து இன்னொரு தடவை. பலமே இல்லாமல். குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் அணைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை. அஷ்வத்தான் போர்வையோடு வந்து அணைத்தான். அவளைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

அப்புறம் சத்தம் வரவில்லை.

விடிந்து, காக்கைகள் கத்திய பிறகுதான் கதவைத் திறந்தார்கள். மிஷ்டி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. முதுகெல்லாம் பனி ஈரம். ராத்திரி முழுக்க அங்கிருந்து நகரவே இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கொட்டகைத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

ஹம்சினி தலைக்கயிற்றைப் பிடித்தாள். "வா," என்றாள். மிஷ்டி கூடவே வந்தது. சைக்கிள் பக்கம், குழாயடி, மரத்தடி... எங்கேயும் காலைத் தூக்கி வைக்கவில்லை. சாதாரணமாக நடந்தது.

அன்றிலிருந்து அது வேறு குதிரை. குறுக்கு மூங்கிலை ஒரே மூச்சில் தாவியது. சரஸ்வதி பூஜைக்கு முன்னால் அனுராதா வந்து, அதன் முகத்துக்கு நேரே குடையை விரித்துப் பார்த்தாள். பாலித்தீன் பையை உதறிப் பார்த்தாள். மிஷ்டி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"என்னடி மாயம் பண்ணினே?" என்றாள் அனுராதா.

"ஒண்ணும் பண்ணல. மூங்கில்தான்," என்றாள் ஹம்சினி.

மிஷ்டி ஜோக்காவுக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. குழந்தைகள் அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டு சவாரி போகிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஹம்சினி மறந்திருப்பாள். களைப்பு, மனப்பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பாள்.

கோடை விடுமுறைக்கு முன்னால், பள்ளி ஆபீசில் மகேஸ்வரி என்று ஒரு புது கிளார்க் வந்து சேர்ந்தாள். சாந்த்ராகாச்சியிலிருந்து வருகிறவள். வீட்டுக்காரர் அங்கே ரயில்வே யார்டில் வேலை. தமிழ் என்று தெரிந்ததும் இருவரும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு மத்தியானம், வீடு எங்கே என்று பேச்சு வந்தது.

"பெஹாலாவா? பழைய சணல் கெடங்குக்குள்ளயா?" மகேஸ்வரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "எங்கப்பா அங்கதான் எடை போடுற வேலை பாத்தாரு, டீச்சர். சின்னப் புள்ளையில நாங்க பக்கத்துத் தெருவுலதான் இருந்தோம்."

"அங்க ஏதாவது நடந்ததா?" ஹம்சினிதான் கேட்டாள்.

மகேஸ்வரி சாப்பாட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"மணிவேல்னு ஒருத்தரு, மூட்டை தூக்குறவரு. நம்ம ஊருப் பக்கம்தான். எல்லாரும் போனப்புறம் அவரு மட்டும் எடைமேடைக்கிட்ட சாக்கு விரிச்சுப் படுத்திருந்தாரு. அடுக்கி வெச்ச சணல் கட்டு சரிஞ்சு விழுந்திருச்சு. இடுப்பு நொறுங்கிப்போச்சு. எந்திரிக்க முடியல. அந்தச் சாக்கோடயே தவழ்ந்து தவழ்ந்து, உள்ளயே அந்த நாலு படி வீட்டுல குடியிருந்த ஆபீசர் வாசல் வரைக்கும் வந்திருக்காரு. காலையில அங்க கெடந்தாரு."

ஹம்சினி அவள் பக்கம் திரும்பினாள். "கதவைத் தட்டினது அவாளுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு டீச்சர்." மகேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ஆபீசர் தொறந்து பாத்தாரு. பாத்துட்டுக் கதவ மூடிட்டாரு. பயமோ என்னவோ. உள்ளேருந்து அவரு சம்சாரம் யாருன்னு கேட்டாங்களாம். யாரும் இல்லன்னாராம். அந்தம்மாவே பின்னால எங்கம்மாகிட்டச் சொல்லி அழுதாங்க."

ஹம்சினி டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"உசுரு உடனே போயிருந்தாக்கூடப் பரவால்ல, டீச்சர்," என்றாள் மகேஸ்வரி. "எங்கப்பா காலையில வந்து தொட்டப்பவும் ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சாம். விடியிற வரைக்கும் உசுரு இருந்திருக்கு. கை கதவு மேலயே இருந்துச்சாம்."

மணி அடித்தது. அடுத்தது ஏழாம் வகுப்புக்கு விளையாட்டுப் பீரியட். ஹம்சினி விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனாள்.