அணைக்கட்டு பார்த்த திமிங்கலம்

எங்கள் துறைமுகத்தில் என் அக்காவின் கணவரை எல்லோரும் அணைக்கட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் கிழிக்கிற பெண்ணிலிருந்து கயிறு கட்டுகிறவர் வரைக்கும். எனக்கு அவர் அத்தான். ஆனாலும் படகில் ஏறிவிட்டால் எனக்கும் சில சமயம் வாய் தவறி அணைக்கட்டு என்று வந்துவிடும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்பட அவருக்கு நேரம் இருந்ததில்லை. எதிரே ஒரு கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்த் திமிங்கலம் காட்டுகிற படகில் எங்களுக்கு வேலை. நான் மைக். அதாவது மைக்கைப் பிடித்துக்கொண்டு வளவளவென்று பேசுகிற ஆள். மேல்தட்டில் கேப்டன் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பார். தூரத்தில் புகை மாதிரி மூச்சு கிளம்பினால் மணியை அடிப்பார். மணி அடித்ததும் நடக்கிற கூத்துக்குத் தனியாக டிக்கெட் போடலாம். அதுவரை வாந்திப் பையை மடியில் வைத்துக்கொண்டு கரை எப்போது வரும் என்று முனகியவர்கள்கூடத் துள்ளி எழுந்து ஒரே பக்கமாக ஓடுவார்கள். எங்கள் படகோ சிறியது. எல்லோரும் ஒரு பக்கம் போனால் அதுவும் கூடவே கிளம்பிவிடும்.

அதைத் தடுப்பதுதான் அத்தானின் வேலை. மணி அடித்ததும் நடுவில் வந்து இரண்டு கைகளையும் விரித்து, தொந்தியை முன்னே தள்ளிக்கொண்டு நிற்பார். திமிங்கலம் வலப்பக்கம் என்றால் இடப்பக்கத்து ஆட்களை மறிப்பார், இடப்பக்கம் என்றால் வலப்பக்கத்து ஆட்களை. முதல் பாதி பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பாதி போகலாம் என்பது படகின் சட்டம். திமிங்கலத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. முக்கால்வாசி நேரம் அடுத்த பாதி எழுந்திருப்பதற்குள் அது முங்கிப் போய்விடும். அப்புறம் அத்தானுக்கு அர்ச்சனை ஆரம்பமாகும். "நாங்க காசு குடுத்தது உங்க வயித்தப் பாக்கவா?" என்று ஒரு அம்மாள் கேட்டதைத் துறைமுகமே கொஞ்ச நாள் சொல்லிச் சிரித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூட்டத்தைப் பார்த்து நிற்கிற மனிதருக்குத் திமிங்கலம் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். திரும்பவும் முடியாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஆசை தாங்காமல் ஒரே ஒரு தடவை திரும்பினார். அந்த இடைவெளியில் கூட்டம் அவரை இடித்துக்கொண்டு பாய்ந்தது, படகு சாய்ந்தது, குளிர்பானப் பெட்டி வழுக்கிக்கொண்டு கடலில் விழுந்தது. திமிங்கலமும் தெரியவில்லை, கூட்டத்தின் தலைகள்தான் தெரிந்தன. இனிமேல் திரும்பவே மாட்டேன் என்று கேப்டனிடம் சத்தியம் செய்து கொடுத்தார். செய்து கொடுத்ததைக் காப்பாற்றியும் வந்தார். லீவு நாளில் போய்ப் பார்க்கலாமே என்றால், படகுக்கு லீவு விட்டால்தான் அவருக்கும் லீவு. டால்பின், ஆமை எல்லாம் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்கிறார். திமிங்கலத்தை மட்டும் பார்த்ததில்லை.

இது படகில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் அக்கா.

அக்கா வீட்டில் தையல் வேலை செய்கிறாள். முன்னறை முழுக்கத் துணி, நூல், வெட்டிப் போட்ட துண்டுகள். அவளுடைய மிஷின் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அடுப்பில் பால் பொங்கினாலும் நிற்காது, நான் பசிக்கிறது என்று கத்தினாலும் நிற்காது. அத்தான் படகு வேலைக்குப் போன முதல் நாள் திரும்பி வந்தபோது அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்டாளாம். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்ததாம். பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஓ, பார்த்தேனே என்று சொல்லிவிட்டார். அதோடு தொலைந்தார். அன்றிலிருந்து தினமும் ஒரு திமிங்கலம் பார்த்தாக வேண்டியதாயிற்று.

திமிங்கலத்துக்கு அவர் எங்கே போவார்? என் வாய்தான் அவருக்குக் கடல். நான் மைக்கில் சொல்வதை முதுகைக் காட்டிக்கொண்டே காதில் வாங்கி, சாயங்காலம் அப்படியே கொண்டுவந்து வீட்டில் இறக்குவார். வால் தூக்கியது என்று நான் சொன்னால், அந்த வாலில் இருந்த தழும்பைப் பற்றி அவர் சொல்வார். நானே மைக்கில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், தொழில் அப்படி. அதன்மேல் அவர் தன் பங்குக்குக் கூட்டுவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மூன்று வேளையும் அக்கா வீட்டுச் சாப்பாடு. ஆகவே சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை மாட்டியிருக்க வேண்டியது. மூடுபனியில் ஏதோ கறுப்பாக மிதந்தது. கேப்டன் மணியடித்துவிட்டார், நானும் ஆர்வக்கோளாறில், வயதான திமிங்கலம், முதுகில் வரிவரியாக இருக்கிறது பாருங்கள், அசையாமல் தூங்குகிறது என்று உருகி உருகிப் பேசினேன். கிட்டே போனால் எவர் வீட்டு மாடியிலிருந்தோ காற்றில் வந்து விழுந்த பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். நான் மைக்கை அணைத்துவிட்டேன். சிரிப்புச் சத்தத்தை அத்தான் சந்தோஷச் சத்தம் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் அந்த வயதான திமிங்கலம் விழித்துக்கொண்டு தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டியதாக அக்காவிடம் சொன்னார். எனக்குப் புரையேறி, அக்கா வந்து தலையில் தட்டினாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி படகின் சொந்தக்காரியான முதலாளியம்மாவால் கவிழ்ந்தது. எங்கள் சீருடைச் சட்டைகளைத் தைப்பதும் அக்காதான். புதுச் சட்டைகளுக்குத் துணி கொடுக்க வந்த முதலாளியம்மா பேச்சுவாக்கில், இத்தனை வருஷம் வீட்டுக்காரர் வேலை செய்கிற படகில் நீ ஒரு நாள்கூட ஏறவில்லையா, ஞாயிற்றுக்கிழமை வா, முன்வரிசையில் இடம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன்பு அக்கா கேட்டபோதெல்லாம் அலை ஜாஸ்தி, இடம் இல்லை, உனக்கு ஒத்துக்காது என்று அத்தான் தட்டிக்கழித்து வந்தார். முதலாளியம்மாவின் பேச்சைத் தட்ட முடியுமா?

மறுநாள் காலையில் படகின் பின்பக்கம் டீசல் கேன்களுக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு போனார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் வேறு யாரையாவது நிறுத்தச் சொல்லி கேப்டனிடம் பேசு என்றார். போனால் போகிறது, அக்காவுக்கு உண்மை தெரிந்தால் என்ன, இரண்டு நாள் முறைப்பாள், மூன்றாம் நாள் சரியாகிவிடுவாள் என்றேன்.

"உனக்குப் புரியல மச்சான். அவ திட்டினா வாங்கிக்கலாம். நான் பேச ஆரம்பிச்சா மட்டும்தான் அவ அந்த மிஷின நிறுத்துவா. இனிமே நிறுத்த மாட்டாடா."

 நேரே கேப்டனிடம் போனேன். கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தப் படகில் அந்த அகலத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீ நிற்கிறாயா என்று கேட்டார். எனக்கு விலா எலும்பை எண்ணுகிற மாதிரி உடம்பு. இறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு வந்தாள். இடப்பக்கம், முன்வரிசை. ஆளாளுக்கு அக்கா அக்கா என்று உபசரிப்பு. அத்தான் மட்டும் கிட்டே வரவில்லை, இல்லாத வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தார். அன்றைக்குப் படகில் இருந்தவர்கள் எல்லோரும் திமிங்கலம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். ஒரு ஆமை தலையைத் தூக்கியதற்கு அதன் குலம் கோத்திரம் வரை சொன்னேன். டால்பின்கள் ஓடி வந்தபோது, இதைவிடப் பார்க்க வேண்டியது கடலில் எதுவுமே இல்லை என்று அடித்துவிட்டேன். கேப்டன் மேலிருந்து எட்டிப் பார்த்து முறைத்தார்.

நல்ல காலமோ என்னவோ, எதுவும் வரவில்லை. படகைக் கரைப் பக்கம் திருப்பினார்கள். அத்தானின் தோள் அப்போதுதான் இறங்கியது. அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக அவர் நடந்து வந்தார். மணி அடித்தது.

வலப்பக்கம். அதுவும் கிட்டத்தில். புஸ்ஸென்று மூச்சு விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அத்தானுக்கு யோசிக்க நேரம் இல்லை, உடம்பு தானாகவே போய் நடுவில் நின்றது. கைகள் விரிந்தன. ஒரு கையில் பாட்டில். எதிரே முதல் முகம் அக்காவின் முகம்.

நான் மைக்கில் "இதோ... இதோ..." என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அத்தனை வருஷத்தில் எனக்குப் பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

தொப்பி போட்ட ஒருவர் அத்தானின் கைக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தார். அத்தான் அவரைக் கவனிக்கவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியை உடைத்துவிட்ட பையன் மாதிரி. அக்கா மெதுவாக எழுந்தாள். சட்டைக்கு அளவெடுக்கும்போது பார்ப்பாளே, அப்படி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க திரும்பிப் பாருங்க. இவங்கள நான் பாத்துக்கறேன்."

அத்தான் ஏதோ சட்டம், கேப்டன், சத்தியம் என்று குழறினார். அதற்குள் அக்கா அவரை ஒரு இடி இடித்து நகர்த்திவிட்டு, அவர் நின்ற இடத்தில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்தாள். தொப்பிக்காரர் மறுபடியும் குனிந்தார். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தைக்கக் கொடுத்த துணியை நாளைக்கே வேண்டும் என்று வாசலில் வந்து நிற்கிறவர்களை வருஷக்கணக்காகச் சமாளிக்கிறவள் அவள். இந்தக் கூட்டமெல்லாம் எம்மாத்திரம்? கேப்டன் கத்துவார் என்று மேலே பார்த்தேன். கத்தவில்லை. படகு அவ்வளவு சமமாக அதற்கு முன்பு நின்றதே கிடையாது.

அத்தானுக்குத் திரும்பச் சட்டென்று வரவில்லை. முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம்தான் தொந்தி. அவர் முழுசாகத் திரும்பி முடிப்பதற்குள் திமிங்கலம் முங்க ஆரம்பித்துவிட்டது. கவிழ்த்து வைத்த பெரிய பாத்திரம் மாதிரி ஒரு கறுத்த முதுகு, ஈரமாக, அவர் எதிரே நகர்ந்து போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் அத்தான் அழுதுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.  பொய்யும் புரட்டுமாக எத்தனையோ பேசியிருக்கிறேன், அந்த முகத்துக்கு ஏற்ற மாதிரி மைக்கில் ஒரு வார்த்தை என்னிடம் இருக்கவில்லை.

 வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். எப்போது வெடிக்குமோ என்று நான் சீக்கிரம் சீக்கிரமாக விழுங்கினேன். பாதியில் எழுப்பிவிட்டால் என்ன செய்வது?

"எப்படி இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள். கூட்டத்தைப் பார்த்து நின்றதில் அவளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அத்தான் வெகுநேரம் யோசித்தார். தினமும் தழும்பும் கண்சிமிட்டலுமாக அளந்த மனிதர்.

"முதுகத்தான் காட்டுச்சு," என்றார். "நான் இத்தனை நாள் அதுக்குக் காட்டினேன்ல."

அக்கா முதலில் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தானும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, என்னைத் திட்டேன் என்றார். அக்கா எழுந்து போய் அவருடைய பழைய சீருடைச் சட்டைகள் இரண்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். இரண்டு சட்டையும் முதுகுப் பக்கம் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வெளுத்து நைந்திருந்தது. நெஞ்சுப் பக்கம் தைத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது.

"முதல் சட்டையிலயே தெரியும். திமிங்கலம் தண்ணியப் பீச்சியடிச்சுது, நெஞ்செல்லாம் நனைஞ்சிடுச்சுன்னு சொல்வீங்க. சட்டை வேற கதை சொல்லும். உங்களுக்குக் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அத்தான் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரிந்துகொண்டே தினமும் ஏன் மிஷினை நிறுத்தினாய் என்று கேட்டார். 

"அந்தச் சத்தத்துல நீங்க சொல்ற பொய் சரியா கேக்காதுல்ல," என்றாள் அக்கா.

அந்த வாரமே புதுச் சட்டை வந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி, அத்தானுடையதில் மட்டும் முதுகில் இரட்டைத் துணி. அதைப் போட்டுக்கொண்டு அவர் பழையபடி நடுவில் நின்றார், பழையபடி திட்டு வாங்கினார். புதுச் சட்டை போட்ட முதல் நாள் திமிங்கலத்தைப் பார்த்து வாயைப் பிளந்த ஒரு பெரியவரின் பல்செட் கழன்று தளத்தில் விழுந்து வழுக்கிக் கடலுக்குள் போனது. அவ்வளவு நேர் எதிரே அந்தப் பல்செட் கூத்தைப் பார்த்த ஆள் படகிலேயே அத்தான் ஒருத்தர்தான்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். பெரியவர் வாயைத் திறந்தார், பல்செட் எகிறியது, அலையில் ஒரு தடவை மின்னியது. அது வரைக்கும் உண்மை, நான் சாட்சி. அதற்கப்புறம் அந்தத் திமிங்கலம் திரும்பி வந்து, பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தன்னைப் பார்த்து ஈ என்று இளித்தது என்றார்.

அக்கா மிஷினை நிறுத்தினாள்.