பொள்ளாச்சிக்குப் போய் அறுபத்து மூன்று பாத்திரங்களை எடுத்து வராத கதை

எவர்சில்வர் பாத்திரம் வாங்கக் கோயம்புத்தூர் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன். பாதியில் அது வேறு எங்கோ போய்விட்டது. கடைத் தகவல் மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கீழே இறங்கிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போனது ஜூலை மாதம், இரண்டாம் சனிக்கிழமை. போனதற்குக் காரணம் என் தங்கை செல்வியின் கணவரிடமிருந்து வந்த ஒரு போன். அவர் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் கொப்பரை காய வைக்கிற களம் வைத்திருக்கிறார். அதிகம் பேசுகிறவர் இல்லை. "மச்சான், செல்வி கொண்டாந்த ஏனமெல்லாம் வந்து எடுத்துட்டுப் போயிருங்க. இனி இங்க வேண்டாங்க" என்றார். ஏனம் என்றால் எங்கள் பக்கம் பாத்திரம்.

செல்வி இறந்து மூன்று வருடமாகிறது. மஞ்சள் காமாலை, பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அவள் மகள் மதிக்கு அப்போது எட்டு வயது. எட்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். கோயிலில் நாலு பேரை வைத்து முடித்தார். என்னையும் கூப்பிட்டார், நான் போகவில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை. அதனால் இந்தப் போன் வந்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். புதிதாக வந்தவள் என் தங்கையின் சாமானை வீட்டைவிட்டு விரட்டுகிறாள். விரட்டட்டும், ஒரு கரண்டி விடாமல் எடுத்து வந்துவிடுகிறேன் என்று டிக்கெட் போட்டேன்.

அந்தப் பாத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கருமத்தம்பட்டியில் பத்துத் தறி ஓட்டினார். பதினாறு வருடத்துக்கு முன் செல்வியின் கல்யாணத்துக்கு அறுபத்து மூன்று பாத்திரம் சீர் கொடுத்தோம். பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். அவள் போன வீட்டில் ஓரகத்தி வேறு இருந்தார். நாளைக்குப் பாகம் பிரித்தால் எது யாருடையது என்று பேச்சு வரக் கூடாது. மற்றவர்கள் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் விடவில்லை. அண்ணன்காரன் அல்லவா! முழுப் பெயர் வேண்டும், மிஷின் வேண்டாம், உளி வைத்து ஆழமாக வெட்டுங்கள் என்று பெயர் வெட்டுகிறவர் பக்கத்திலேயே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஸ்பூனைக்கூட விடவில்லை. அண்டா முதல் ஸ்பூன் வரை 'சு.செல்வி' அறுபத்து மூன்று தடவை.

சென்னையிலிருந்து கோவைக்கு ரயிலில் சுமார் 495 கிலோமீட்டர், ஸ்லீப்பர் 325 ரூபாய். காலை 6.20க்கு இறங்கினேன். ஜங்ஷனிலிருந்து உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ 80 ரூபாய். டவுன் பஸ்ஸே போதும், எனக்குத்தான் பொறுமை இல்லை. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது. 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கிணத்துக்கடவு தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் தென்னை. பச்சைக்குப் பேர்போன ஊர் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், வெள்ளை ஈ என்கிற பூச்சி விழுந்து மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி நிற்கிறது. மழைகூட அதைக் கழுவவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு டெம்போ பேசினேன். ஆனைமலை ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் போய்ப் பாத்திரம் ஏற்றிப் பார்சல் ஆபீஸில் இறக்க 700 ரூபாய். நாலு சாக்கும் ஒரு கட்டுக் கயிறும் 130. டிரைவர் என் வயதுக்காரர், பேச்சுத் துணைக்குக் குறைவில்லாதவர்.

"பாத்திரம் ஏத்தறதுன்னா கல்யாணமுங்களா? ஆடிக்கு முந்தி முடிச்சுப்போடலாம்னு பாக்கறீங்களாக்கும்?"

"இல்லீங்க. குடுத்த சீரைத் திரும்ப எடுத்துட்டு வரப் போறேன்."

அவர் வைப்பரைப் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். வீட்டுக்குள் பாயை விரித்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பதினாறு வருடம் புழங்கிய பாத்திரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நெளிசல்கூட இல்லை. பெயர் மட்டும் வரிசையாகத் தெரிந்தது.

"வாங்க மச்சான், உக்காருங்க" என்றவர், பாயின் ஓரத்திலிருந்து ஒரு சொம்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் கழுத்துக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "பேரை மட்டும் எடுத்துப்போட்டா ஏனத்தை வெச்சுக்கலாம்னு பாத்தனுங்க. பட்டறையில குடுத்து கிரைண்டிங் போட்டேன். எழுத்து ஆழமுங்க. பேரு போறதுக்குள்ள தகடு போயிருச்சு."

ஆழமாக வெட்டச் சொன்னவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. "அவங்க சொன்னாங்களா, இதெல்லாம் வேண்டாம்னு?" என்று சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினேன்.

"சேச்சே. அவ ஒண்ணும் சொல்லுல. எனக்குத்தானுங்க மச்சான். தண்ணி குடிக்க டம்ளரத் தூக்குனா செல்வி பேரு. கை கழுவப் போனா அவ பேரு. களத்துலயே இருந்தறலாம்னு தோணுது. ஊட்டுக்கு வரப் பயமா இருக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் டெம்போக்காரரிடம் எதையோ பேசுகிற மாதிரி நின்றுகொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் காபி கொண்டுவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு. "வாங்கண்ணா" என்று மெல்லச் சொன்னார். நான் "இருக்கட்டும் அம்மணி" என்று வாங்கிக்கொண்டேன். கொங்கு நாட்டு மரியாதையில் ஒரு சௌகரியம், 'ஏனுங்க', 'அம்மணி' என்று சொல்லியே ஒரு நாளையும் ஓட்டிவிடலாம், ஒரு வருடத்தையும் ஓட்டிவிடலாம். டம்ளரில் என் தங்கை பெயர். கையில் சூடு ஏறும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதி அறைக்குள்ளிருந்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை (எங்கள் பக்கம் வட்டல்) மடியில் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். "மாமா, இது மட்டும் கணக்குல வராது" என்றாள், நிமிராமல். காபி டம்ளரையும் சேர்த்துப் பாயில் இருந்ததை எண்ணினேன். அறுபத்தொன்று. ஓட்டைச் சொம்போடு அறுபத்திரண்டு.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் தனியாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. கடையில் தோசை மாவு வாங்கினால் கொடுக்கிற டப்பா. அந்தப் பெண் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்காதீங்க. எடுத்துட்டுப் போயிராதீங்ண்ணா. அவிய ஒரு வேகத்துல உங்களுக்குப் போன் பண்ணிப்போட்டாங்க. பாப்பா அவங்கம்மா பேரு போட்ட வட்டல்ல வெச்சாத்தான் சாப்பிடறா. மொத மாசம் நான் தெரியாம வேற வட்டல்ல போட்டு வெச்சுட்டேன், ரெண்டு நாளு பட்டினி. இந்த ஊட்டுல ஒரு ஏனமும் இல்லாமப் போச்சுன்னா, நான் வந்துதான் அவங்கம்மாளைத் தொடைச்சுப்போட்டேன்னு காலத்துக்கும் நெனப்பா."

"இந்த டப்பா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "அது எனக்குங்ண்ணா. ஆக்கறது, பரிமாறுறது எல்லாம் அக்கா ஏனத்துலதான். ஆனா அக்கா பேரு மேல சோத்தை வெச்சுப் பெசஞ்சு சாப்பிட எனக்குக் கை வரமாட்டேங்குது. ஒண்ணும் கொண்டாராம வந்தவதானுங்களே நானு."

எட்டு மாதம். மாவு டப்பாவில் சோறு. யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை, அவராகவே தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஸ்பூன்வரை பெயர் வெட்டி அந்த வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு இடமில்லாமல் செய்தது நான். ஓரகத்தியைப் பார்த்தேனே தவிர இதை நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கும்போது? ஆனாலும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளையிடம், "மதி கல்யாணத்துக்கு ஆகும், இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதில் அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றாடம் வேண்டியதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை நாங்கள் இருவருமாகப் பரணில் ஏற்றினோம். டெம்போக்காரர் காலி வண்டிக்கு 500 போதும் என்றார். சாக்கையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

மாலை ஆறரைக்குத் திரும்பக் கோவை டவுன்ஹால். பெரிய கடை வீதியில் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கனமான சாப்பாட்டுத் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, சொம்பு ஒன்று, மொத்தம் 1,140 ரூபாய். அந்தப் பெண்ணுக்குத்தான். 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டாரே. இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டுப் பெயர் வெட்டுகிற பாய் ஒருவர் இருந்தார். எழுத்துக்கு ஐந்து ரூபாய். தட்டை மடியில் வைத்து விளிம்பைத் துடைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"பேரு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை.

பாய் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குங்க?"

"தங்கச்சிக்கு" என்றேன். தங்கச்சிக்கு என்று சொல்லிவிட்டுப் பெயர் தெரியாமல் நிற்கிறவனை அவர் என்ன நினைத்திருப்பாரோ. அடுத்தவரின் குத்துவிளக்கை வாங்கிக்கொண்டார். நான் ஓரமாக நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். மூன்றாம் தடவை மதி எடுத்தாள்.

"அப்பா களத்துல இருக்காருங் மாமா. போனை ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு."

"சரி கண்ணு, நீயே சொல்லு. அவங்க பேரு என்ன?"

"யாரு மாமா?"

"வீட்டுல இருக்காங்கள்ல, அவங்க."

"நான் அவங்களை ஒண்ணும் கூப்பிடறதில்லீங் மாமா" என்றாள். அதட்டினால் அழுதுவிடுகிற குரல். போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் போனை வாயிலிருந்து எடுக்காமலே கத்தினாள். "ஏனுங்க! உங்க பேரு என்னங்க? மாமா கேக்குறாரு."

ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற ஓசை. பிறகு தூரத்திலிருந்து, "பூங்கொடிங்க அம்மணி" என்று கேட்டது. பதினோரு வயதுக் குழந்தைக்கு 'ங்க' போட்டுப் பதில். "பூங்கொடியாம் மாமா" என்று மதி என்னிடம் திருப்பிச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

மூன்றிலும் 'பூங்கொடி' என்று வெட்டி வாங்கிக் கூரியரில் போட்டேன். 90 ரூபாய். ராத்திரி ரயிலில் ஊர் திரும்பினேன்.

இனித் தகவல். கடைகள் காலை பத்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை இருக்காது. தட்டு வாங்கும்போது விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். பெயர் வெட்டினால் மிஷினில் மெலிதாக வெட்டச் சொல்லுங்கள், முதல் எழுத்து போதும். பொள்ளாச்சிக்கு மாலை நாலுக்குப் பிறகு கிளம்பாதீர்கள், உக்கடத்தில் நிற்க இடம் கிடைக்காது. நல்ல எவர்சில்வர் ஐம்பது வருடம் வரும் என்று கடைக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. வாங்குகிறவர் ஐம்பது வருடம் இருப்பார் என்பதற்கு மட்டும் கடையில் உத்தரவாதம் கிடையாது.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். பார்சல் வந்ததாம். "அதுல சாப்பிடறாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க! அவ அந்த மாவு டப்பாவுலயேதான். பூங்கொடின்னு பேரு போட்ட புது வட்டலைப் பாப்பா புடிச்சுக்கிட்டா. வேற எதுல வெச்சாலும் எந்திரிச்சுப் போயர்றா. பூங்கொடியும் அதைக் குடுத்துட்டுச் சிரிச்சுட்டே இருக்கா" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் தெளிவு.

நல்ல செய்திதான். அந்த வீட்டுக்கு இதைவிட நல்லது நடக்காது. "சந்தோஷம் மாப்பிள்ளை" என்று சொன்னேன். மதி இதுவரை சாப்பிட்டுவந்த செல்வியின் தட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு உட்கார்ந்து, செல்வி செத்த அன்று அழாத அழுகையை அன்றுதான் அழுதேன்.